சிறிய திரையின் பெரிய விலை

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடைகளுக்குப் புதிய கணினித் திரையொன்று வந்து சேர்ந்தது. தைவானைச் சேர்ந்த ஏசுஸ் என்னும் கம்பனி, கணினி விளையாட்டில் ஈடுபட்டோருக்கென்றே ஆக்கிய திரை அது. மூலைக்கு மூலை அளந்தால் 27 அங்குலம். விலை 1,999 டொலர். அதே கடையின் மறுபக்கத்தில் அந்தத் தொகைக்கு 65 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வாங்கலாம். வாங்கிய பின்னும் கையிற் பணம் மிஞ்சும். பரப்பைக் கணக்கிட்டால் முன்னது ஏறக்குறைய 312 சதுர அங்குலம், பின்னது ஏறக்குறைய 1,805 சதுர அங்குலம். துணிக்கடையொன்றில் வேட்டியைக் காட்டிலும் கைக்குட்டைக்கு விலை கூடுதல் என்று சொன்னால், வாங்க வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். திரைக் கடையில் அவர் சிரிப்பதில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். மாதக்கணக்காகச் சேர்த்த பணத்தோடு வரும் இளைஞரும், மகனின் வேண்டுகோளுக்கு இணங்கி வரும் தந்தையும் அவருள் அடங்குவர்.

இவ்விந்தைக்கு இரண்டு விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. விற்போரின் பேராசையே காரணம் என்பது ஒன்று. விளையாட்டுத் திரையின் நுட்பம் உயர்ந்தது, ஆதலால் விலையும் உயர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை ஓரளவு உண்டு. ஆயினும் இரண்டுமே விளையாட்டுத் திரையின் விலை ஏன் கூடிற்று என்று கேட்கின்றனவேயன்றி, தொலைக்காட்சிப் பெட்டியின் விலை ஏன் அவ்வளவு குறைந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை காண எழுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1954ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்கக் கம்பனி தன் முதலாவது வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சந்தைக்கு விட்டது. பதினைந்து அங்குலக் குழாய், பெரிய மரப்பேழை, விலை 1,000 டொலர். அக்காலத்துச் சாதாரண மோட்டார் வண்டியொன்றின் விலையிற் பாதியை அது விழுங்கிவிடும். வாங்கியவர் பார்ப்பதற்கு வண்ண நிகழ்ச்சிகளும் அருகியே இருந்தன. ஆனால் ஆர்.சி.ஏ.யின் தலைவர் டேவிட் சார்னொவ் வெறும் பெட்டி வியாபாரி அல்லர். என்.பி.சி. என்னும் ஒலி, ஒளிபரப்பு நிறுவனமும் அதே கம்பனிக்குச் சொந்தமாயிருந்தது. மக்கள் பெட்டி வாங்க வேண்டுமாயின் பார்ப்பதற்கு நல்ல நிகழ்ச்சி வேண்டும். ஆகவே நிகழ்ச்சியில் வரும் நட்டத்தைப் பெட்டியில் வரும் இலாபம் ஈடுசெய்யும் என்பதே அவருடைய கணக்கு. 1961இல் வால்ட் டிஸ்னியின் வண்ண நிகழ்ச்சி என்.பி.சி.க்கு இடம்மாறியபோது அதற்குப் பணம் கொடுத்து ஆதரித்தோருள் ஆர்.சி.ஏ.யும் ஒன்று. நிகழ்ச்சி தூண்டிலில் இட்ட இரை, பெட்டியே மீன். இக்கணக்கு பிற்காலத்தில் முற்றாகத் தலைகீழாயிற்று. அதைச் சொல்வதற்கு முன் விளையாட்டு எப்படித் திரைக்கு வந்தது என்பதைக் காண்பது தகும்.

வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட்டுப் பிறக்கவில்லை, ஆய்வுகூடத்திற் பிறந்தது. 1958இல் நியூயோர்க் மாநிலத்துப் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர், பார்வையாளர் தினத்துக்கு வருவோர் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, மின்னலைகளை அளக்கும் கருவியொன்றின் சிறு வட்டத் திரையில் இருவர் ஆடும் டெனிஸ் விளையாட்டொன்றை அமைத்தார். 1962இல் மசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்து மாணவர்கள் பி.டி.பி.-1 என்னும் கணினியின் வட்டத் திரையில் விண்வெளிப் போர் விளையாட்டொன்றை ஆக்கினர். அக்கணினியின் விலை ஏறக்குறைய 120,000 டொலர். அன்றைய நிலையில் விளையாட்டுக்குரிய திரை செல்வந்தர் வீட்டிலும் கிடையாது. அரசாங்கத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் மட்டுமே இருந்தது.

அதை வீட்டுக்குக் கொணர்ந்தவர் ரால்ஃப் பேயர். ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கனவே திரையொன்று இருக்கிறதே, அதை விளையாட்டுக்கும் பயன்படுத்தினால் என்ன என்பதே அவருடைய எண்ணம். 1972இல் மாக்னவொக்ஸ் கம்பனி வெளியிட்ட ஒடிசி என்னும் கருவி அவ்வெண்ணத்தின் விளைவு. விலை ஏறக்குறைய 100 டொலர். திரையில் தோன்றியவை சில வெண்புள்ளிகளே. மைதானத்தையும் வலையையும் காட்ட, வண்ணம் தீட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக விளையாட்டும் தொலைக்காட்சியும் ஒரே கண்ணாடியில் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தின. 1982இல் வந்த பிரித்தானிய ஸ்பெக்ட்ரம் கணினியும், அமெரிக்கக் கொமடோர் 64 கணினியும் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் வகையிலேயே விற்கப்பட்டன. தந்தை செய்தி பார்க்க வரும்போது பிள்ளை விளையாட்டை நிறுத்த வேண்டியிருந்ததைத் தவிர, வேறு செலவு இல்லை.

இதனிடையே 1977இல் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் இங்கு குறிப்பிடத்தக்கது. ரேடியோ ஷாக் கடைகளில் டி.ஆர்.எஸ்.-80 என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. திரையின்றி வாங்கினால் 399 டொலர் 95 சதம். திரையோடு வாங்கினால் 599 டொலர் 95 சதம். இருநூறு டொலர் பெறுமதியான அத்திரை யாது? ஆர்.சி.ஏ.யின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியேதான். அலைவரிசை பிடிக்கும் பகுதியை மாத்திரம் நீக்கியிருந்தார்கள். தொலைக்காட்சியிலிருந்து ஓர் உறுப்பைக் குறைத்தால் கிடைப்பது கணினித் திரை என்னும் நிலை அன்று இருந்தது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிள்ளைகள் பிரிந்தது எழுத்தினால். தொலைக்காட்சி தூரத்திலிருந்து முகங்களைப் பார்ப்பதற்கென ஆக்கப்பட்டது. கணினியோ ஒரு வரியில் எண்பது எழுத்துகளைக் கையெட்டும் தூரத்திற் காட்ட வேண்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சி 525 கோடுகளை ஒன்றுவிட்டொன்றாக வரைந்தது. செக்கனுக்கு ஏறக்குறைய 15,700 கோடுகளே அதன் வேகம். நுண்ணிய எழுத்துகள் அதிற் கலங்கின. 1981இல் ஐ.பி.எம். தன் சொந்தக் கணினிக்குப் பச்சை எழுத்துத் திரையைத் தனியே 345 டொலருக்கு விற்றது. 1983இல் வந்த 13 அங்குல வண்ணத் திரைக்கு 680 டொலர் கேட்டது. அவ்வாண்டில் அதைவிடப் பெரிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. 2018இற் காணப்பட்ட விந்தையின் விதை இங்கேயே முளைத்துவிட்டது. 1987இல் ஐ.பி.எம். வகுத்த புதிய முறையில் கோடு வரையும் வேகம் இரட்டித்து 31,500 ஆயிற்று. அதன்பின் கணினித் திரையைத் தொலைக்காட்சி என்று எவரும் மயங்க இடமில்லாது போயிற்று.

1990களில் இப்பிரிவு அதன் உச்சத்தை அடைந்தது. 1995இல், குவேக் என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஆக்கிக்கொண்டிருந்த ஜோன் கார்மாக்கின் மேசையில் 28 அங்குல அகலத் திரையொன்று வீற்றிருந்தது. இன்டர்கிராஃப் கம்பனி ஆக்கிய அத்திரையின் விலை ஏறக்குறைய 10,000 டொலர். அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080 புள்ளிகளை அது காட்டியது; அவ்வளவு நுட்பமான படம் சாதாரண வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரப் பின்னும் பத்தாண்டுகள் சென்றன. ஆக, ஒரு காலத்தில் கூடிய விலைக்குத் தக்க காரணம் கண்முன்னே நின்றது. கணினித் திரை செய்த வேலையைத் தொலைக்காட்சி செய்ய இயலாதிருந்தது.

கண்ணாடிக் குழாயின் காலம் முடிந்தபோது கதை மாறியது. மாற்றத்தைத் தொடக்கியதும் ஆர்.சி.ஏ. என்பது வரலாற்றின் குறும்பு. 1960களில் அதன் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஹைல்மயரும் அவருடைய துணைவரும், திரவப் பளிங்கு என்னும் பொருள் மின்னழுத்தத்தால் ஒளியை மறைக்கவும் விடவும் வல்லது என்பதைத் திரையாக்கிக் காட்டினர். 1968இல் கம்பனி அதை உலகறிய வெளியிட்டது. வெளியிட்டதோடு சரி. குழாய்த் தொலைக்காட்சியில் நல்ல இலாபம் வந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு அதன் யமனை வளர்க்க மனம் வரவில்லை. யப்பானின் ஷார்ப் கம்பனி அதை எடுத்து 1973இல் கைக்கணிப்பானிற் பொருத்தியது. 1988இல் 14 அங்குல வண்ணத் திரையாக வளர்த்துக் காட்டியது. ஆர்.சி.ஏ.யோ 1986இலேயே மற்றொரு கம்பனியின் கைக்குப் போய்விட்டிருந்தது.

திரவப் பளிங்குத் திரையின் விலையை விளங்கிக்கொள்ள அது ஆக்கப்படும் விதத்தை அறிதல் வேண்டும். திரைகள் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதில்லை. பாயைப்போல் விரிந்த ஒரு பெருங் கண்ணாடித் தகட்டின்மீது நுண்ணிய மின்சுற்றுகள் யாவும் ஒருங்கே பதிக்கப்படுகின்றன. பின்னர் அத்தகடு தோசைக்கல்லிற் பரப்பிய மாவைக் கத்தியாற் கீறுவதுபோல் திரைகளாக வெட்டப்படுகின்றது. தகடு பெரிதானால், ஒரே உழைப்பில் வெளிவரும் பரப்பும் பெரிதாகும். 1990களின் தொடக்கத்தில் இத்தகடு ஒரு சிறு மேசையின் மேற்பலகையளவே இருந்தது. 2006இல் ஷார்ப்பின் கமெயாமாத் தொழிற்சாலையில் 2 மீற்றரைத் தாண்டியது. 2018இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் பி.ஓ.ஈ. கம்பனி ஆக்கத் தொடங்கிய தகட்டின் அளவு 2.94 மீற்றரும் 3.37 மீற்றரும் ஆகும். ஒரு படுக்கையறையின் தரையை மூடிவிடக்கூடிய கண்ணாடி! அதிலிருந்து 65 அங்குலத் திரை எட்டு, கழிவு அதிகமின்றி வெட்டலாம். 1990களின் இறுதியில் 42 அங்குலத் தட்டைத் தொலைக்காட்சி அமெரிக்காவில் ஏறக்குறைய 15,000 டொலருக்கு விற்றது. இருபது ஆண்டுகளில் அதே அளவு பெட்டி சில நூறு டொலருக்கு இறங்கியதற்கு இக்கண்ணாடியே முதற் காரணம்.

இத்தகைய தொழிற்சாலைகள் யாவும் தொலைக்காட்சியை மனத்திற் கொண்டே எழுப்பப்பட்டவை. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 20 கோடித் தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்பனையாகின்றன. உயர்தர விளையாட்டுத் திரைகளோ அவற்றோடு ஒப்பிட ஒரு கைப்பிடி. ஒரு புதிய திரைக்கு வேண்டிய ஆராய்ச்சி, அச்சு, சோதனை ஆகியவற்றின் செலவு இருபது இலட்சம் பேர்மீது பங்கிடப்பட்டால் ஒருவருக்கு அது தெரியாது; இருபதாயிரம் பேர்மீது பங்கிடப்பட்டால் ஒவ்வொருவருக்கும் அது சுமையாகும். ஊர்ப் பந்திக்குச் சமைக்கும் சோற்றுக்கும், ஒருவருக்கென்று தனியாகச் சமைக்கும் பத்தியச் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு இது.

இனி, பரப்பைக்கொண்டு விலையை அளப்பதில் ஒரு தவறும் உண்டு. 4கே எனப்படும் திரை எவ்வளவு சிறிதாயினும் பெரிதாயினும் அதில் உள்ள புள்ளிகள் 8,294,400. 65 அங்குலத்தில் அப்புள்ளிகள் அங்குலத்துக்கு 68 வீதம் தாராளமாக இருக்கின்றன. 27 அங்குலத்தில் அதே புள்ளிகள் அங்குலத்துக்கு 163 வீதம் நெருங்கியிருக்கின்றன. புள்ளி சிறுக்கும்போது ஒளி புகும் வாயிலும் சிறுக்கிறது; பின்னால் எரியும் விளக்கு அதற்கேற்பப் பிரகாசமாதல் வேண்டும். கடிகாரம் செய்பவரிடம் இரும்பின் எடைக்கு விலை பேச இயலாததுபோல், இங்கும் சதுர அங்குலக் கணக்கு பாதி உண்மையே.

மற்றொரு பாதி, காலத்தைப் பற்றியது. திரைப்படம் பார்ப்பவர் செக்கனில் ஐம்பதிலொரு பங்கு தாமதத்தைப் பொருட்படுத்தார். விளையாடுபவர் கையை அசைத்த கணத்தில் திரையும் அசைய வேண்டும். செக்கனுக்கு 60 தடவை படம் மாறும் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 தடவை மாறும் திரையில் 6.9, 240 தடவையில் 4.2. திரவப் பளிங்கோ இயல்பிலேயே சோம்பல் உடையது. அது திரும்பி நிற்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டால் காட்சி மங்கிப் பேய்நிழல் படரும். அதைத் துரிதப்படுத்தத் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை ஒரு கணம் கொடுத்து இழுத்துப் பிடிக்கின்றனர். எவ்வளவு மிஞ்சலாம் என்பதை ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் தனித்தனியே ஒழுங்குபடுத்த வேண்டும். 2009இல் சம்சுங்கும் வியூசொனிக்கும் செக்கனுக்கு 120 தடவை மாறும் முதல் திரவப் பளிங்குக் கணினித் திரைகளை விற்றன. 2013இல் என்விடியா கம்பனி, கணினி படத்தை வரைந்து முடிக்கும் கணத்திலேயே திரையும் மாறும்படி இரண்டையும் இணைக்கும் முறையை அறிவித்தது. அதற்கெனத் திரைக்குள் தனிச் சுற்றுப்பலகை ஒன்று வேண்டியிருந்தது. 2014இல் வந்த ஏசுஸின் 27 அங்குலத் திரை அப்பலகையோடு 799 டொலருக்கு விற்றது. தொடக்கத்திற் சொன்ன 1,999 டொலர்த் திரைக்குள் இருந்த பலகையின் விலை மட்டுமே சில நூறு டொலர் இருக்கலாம் என்று அதைப் பிரித்துப் பார்த்தோர் மதிப்பிட்டனர். 384 பகுதிகளாகத் தனித்தனியே எரிந்தணையும் விளக்குகளும் அதனுள் இருந்தன. இவற்றின் சூட்டைத் தணிக்க விசிறியும் இருந்தது. மேசைமீதுள்ள படம் காட்டும் பலகைக்குள் விசிறி இரைவதைக் கேட்டு முகஞ்சுளித்தோர் பலர்.

இவ்வளவும் நியாயமான செலவே. நியாயம் எதுவரை செல்லும் என்பதை 1,999 டொலர்த் திரையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அதற்கு ஒத்த தொலைக்காட்சி அன்று இல்லை. அடுத்த ஆண்டிலேயே ஒத்த பொருள் ஒன்று கிடைத்தது. 2019இன் தொடக்கத்தில் எச்.பி. கம்பனி விளையாட்டுக்கென 65 அங்குலத் திரையொன்றை வெளியிட்டது. ஒலிபெருக்கியோடு விலை 4,999 டொலர். தொலைக்காட்சி அலைவரிசை பிடிக்கும் பகுதி அதில் இல்லை, டி.ஆர்.எஸ்.-80 காலத்துக் கதை மீண்டும் வந்தது எனலாம். அதே ஆண்டில் கொரியாவின் எல்.ஜி. கம்பனி 65 அங்குல ஓலெட் தொலைக்காட்சியை ஏறக்குறைய 3,500 டொலருக்கு விற்றது. ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. விளக்குகளைப் பகுதி பகுதியாக அணைக்கும் வேலையே அதிற் கிடையாது. அவ்வாண்டின் இறுதியில் என்விடியாவின் இணைப்பு முறையையும் அத்தொலைக்காட்சி ஏற்றது. குறையும் இருந்தது: 4கே படத்தைச் செக்கனுக்கு 120 தடவை அதற்கு அனுப்பவல்ல கணினி அட்டை 2020 செப்தெம்பரில்தான் சந்தைக்கு வந்தது. ஆயினும் 1,500 டொலர் மிச்சம் பிடிப்பவருக்கு ஓராண்டுக் காத்திருப்பு பெரிதன்று. விளையாட்டுத் திரை என்னும் பெயருக்கு ஒரு விலை உண்டு என்பது அப்போது வெளிச்சமாயிற்று.

2020இல் எல்.ஜி. 48 அங்குல ஓலெட் தொலைக்காட்சியை 1,499 டொலருக்கு வெளியிட்டபோது, விளையாட்டுப் பிரியர் பலர் அதைத் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ரால்ஃப் பேயர் எண்ணியது மறுபடி நிகழ்ந்தது. ஆனால் மேசைக்கு வந்த தொலைக்காட்சி சில தொல்லைகளையும் உடன்கொணர்ந்தது. கணினி உறங்கும்போது அது உறங்குவதில்லை. தொலையியக்கியைத் தேடி எடுத்து அணைக்க வேண்டும். அசையாத பக்கத்தை நெடுநேரம் காட்டினால், படம் திரையிற் படிந்துவிடக்கூடாதென்று அது தானே ஒளியைக் குறைக்கும். எழுத்துகளின் ஓரத்தில் வண்ண நூலொன்று தெரியும். வாசிப்பும் எழுத்தும் தொழிலாகக் கொண்டவருக்கு இவை சிறு குறைகள் அல்ல.

2022இல் ஒப்பீடு இன்னும் கூர்மையடைந்தது. எல்.ஜி. தன் 42 அங்குல ஓலெட் தொலைக்காட்சியை 1,399 டொலருக்கு விலை குறித்தது. எல்.ஜி.யின் உறவு நிறுவனம் ஆக்கிய அதே வகைப் பலகையை வாங்கி, வெப்பம் தணிக்கும் தகடும் கணினிக்குரிய இணைப்பு வாயிலும் சேர்த்து, ஏசுஸ் தன் விளையாட்டுத் திரையையும் 1,399 டொலருக்கே விலை குறித்தது. பிறந்தபோது இருவருக்கும் ஒரே விலை. ஆனால் அவ்வாண்டு நவம்பர் மலிவு விற்பனையில் தொலைக்காட்சி 1,000 டொலருக்குக் கீழே இறங்கிவிட்டது. விளையாட்டுத் திரை அவ்வேகத்தில் இறங்கவில்லை. அதே ஆண்டில் சம்சுங்கின் தொழிற்சாலையில் பிறந்த புதுவகைப் பலகையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 55 அங்குலத் தொலைக்காட்சியாக அது 2,199 டொலருக்கும், 34 அங்குல அகல ஏலியன்வேர் கணினித் திரையாக 1,299 டொலருக்கும் வந்தது. சதுர அங்குலத்துக்குக் கணக்கிட்டால் தொலைக்காட்சியில் 1 டொலர் 70 சதம். கணினித் திரையில் 3 டொலர் 12 சதம். எனினும் ஏலியன்வேர் திரையில், படம் படிந்து பழுதானாலும் மூன்றாண்டுக்கு மாற்றித் தரும் உத்தரவாதம் இருந்தது. அது வெறும் சொல்லன்று. பழுதாகப்போகும் திரைகளின் செலவு எல்லாத் திரைகளின் விலையிலும் முன்கூட்டியே ஏறியிருந்தது.

கண்ணாடி, எண்ணிக்கை, வேகம், உத்தரவாதம் ஆகிய யாவற்றையும் கூட்டிய பின்னரும், தொலைக்காட்சி ஏன் அவ்வளவு மலிவு என்னும் கேள்விக்கு ஒரு பங்கு விடை எஞ்சி நிற்கிறது. அதை வெளிக்கொணர்ந்தது ஒரு வழக்கு. 2017 பெப்ரவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நியூ ஜேர்சி மாநிலமும், மலிவுத் தொலைக்காட்சிகளுக்குப் பெயர்பெற்ற விசியோ என்னும் கம்பனிமீது குற்றஞ்சாட்டின. 2014 தொடக்கம் 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளின்வழி, வீட்டார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அவர்களுடைய சம்மதமின்றிச் செக்கனுக்குச் செக்கன் திரட்டிப் பிறருக்கு விற்றது என்பதே குற்றச்சாட்டு. வழக்கை முடித்துக்கொள்ள விசியோ 22 இலட்சம் டொலர் செலுத்தியது. பெட்டியொன்றுக்கு 20 சதம் என்று வகுத்துப் பார்த்தால் அத்தண்டனை எத்துணை இலேசானது என்பது விளங்கும்.

தண்டனை பெற்ற தொழில் அதன்பின் சம்மதம் கேட்டு நடத்தப்பட்டது, நின்றுவிடவில்லை. 2021இன் மூன்றாம் காலாண்டில் விசியோ பெட்டி விற்பனையால் ஈட்டிய மொத்த இலாபம் 2 கோடியே 56 இலட்சம் டொலர். விளம்பரம், பார்வைத் தரவு முதலியவற்றால் ஈட்டியது 5 கோடியே 73 இலட்சம் டொலர். 2024 டிசெம்பரில் வோல்மார்ட் அக்கம்பனியை ஏறக்குறைய 230 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. சில்லறை வியாபாரி ஒருவர் விரும்பியது திருகாணிகளையும் பிளாஸ்டிக் சட்டங்களையுமா, அவற்றின் முன்னால் அமர்ந்திருக்கும் குடும்பங்களையா என்பதை விளக்க வேண்டியதில்லை. சார்னொவின் காலத்தில் பெட்டியை விற்பதற்காக நிகழ்ச்சி காட்டப்பட்டது. இப்போது பார்ப்போரைச் சேர்ப்பதற்காகப் பெட்டி மலிவாக விற்கப்படுகிறது. இரையும் மீனும் இடம் மாறிக்கொண்டன.

விளையாட்டுத் திரைக்கு நெடுங்காலம் அத்தகைய மறைமுகப் புரவலர் எவரும் இருக்கவில்லை. கணினி அனுப்பும் படத்தைக் காட்டுவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. யாரையும் கவனிப்பதில்லை, எதையும் பரிந்துரைப்பதில்லை. ஆகவே அதன் முழுச் செலவையும் வாங்குபவர் ஒருவரே, கடை வாயிலிலேயே, ஒரே தடவையில் கட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் இந்த எல்லையும் கரையத் தொடங்கியது. 2020கள் தொட்டுச் சம்சுங்கின் விளையாட்டுத் திரைகள் சிலவற்றில் தொலைக்காட்சிக்குரிய மென்பொருளும் செயலிகளும் இடம்பிடித்தன. அவற்றின் விலை அதனால் தொலைக்காட்சியின் விலைக்கு இறங்கிவிடவில்லை என்பது வாங்கியோர் அறிந்த செய்தி.

உயர்தரத் திரைகளின் விலை நிலையாக நிற்கவுமில்லை. 2023இன் தொடக்கத்தில் எல்.ஜி. வெளியிட்ட 27 அங்குல ஓலெட் விளையாட்டுத் திரைக்கு 999 டொலர் குறிக்கப்பட்டது. அதையொத்த அளவுள்ள திரைகள் இரண்டொரு ஆண்டுகளில் 600 டொலரை நெருங்கின. பல கம்பனிகள் போட்டியில் இறங்கியதும், தொலைக்காட்சிக்கென எழுந்த ஓலெட் தொழிற்சாலைகள் தம் தகடுகளில் ஒரு பகுதியைக் கணினித் திரைக்கு ஒதுக்கியதும் அதற்குக் காரணம். ஆடம்பரத்தை நாடாதவருக்கு, 144 தடவை மாறும் சாதாரணத் திரை 200 டொலருக்கும் குறைவாகவே கிடைத்தது. 2014இல் 799 டொலர் கொடுத்தவர் அதைக் கண்டு பெருமூச்சு விட்டிருப்பார்.

அதே 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் டெலி என்னும் புதிய கம்பனி 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றை அறிவித்தது. 4கே திரை, ஒலிபெருக்கி, அதன் கீழே நீளவாட்டில் இரண்டாவது சிறு திரை ஒன்று. விலை யாதுமில்லை. பெறுபவர் தம்மைப் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வீட்டின் முதன்மைத் தொலைக்காட்சியாக அதையே வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தோடு எப்போதும் இணைத்திருக்க வேண்டும். மேலே எந்தப் படம் ஓடினாலும், கீழ்த்திரை விளம்பரங்களைக் காட்டிக்கொண்டிருக்கும். 1954இல் ஆயிரம் டொலருக்கு விற்ற பொருள் இலவசமாகியிருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குப் பெயர் பதிந்தனர்.